சைலன்சர் சலான்: கட்டிவிடுவதா, கோர்ட்டுக்குப் போவதா?

வாகனச் சட்டம் பகுதிக்கு இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயம்தான்: சைலன்சர் சத்தத்துக்குப் போட்ட சலான். எல்லாமே தமிழ்நாட்டில் இரு சக்கர வாகனம் ஓட்டுபவர்கள் எழுதியவை. பதில்களும் அதற்கு ஏற்றபடியே.

*

350 சிசி பைக்கில் கம்பெனி சைலன்சரைக் கழற்றிவிட்டு வெளிக்கடையில் வாங்கியதை மாட்டியிருந்தேன். சிக்னலில் நிறுத்திய எஸ்.ஐ. 190(2) என்று எழுதி சலான் கொடுத்துவிட்டார். எந்த மீட்டரும் வைத்து அளக்கவில்லை. “மீட்டர் இல்லாமல் போட்ட கேஸ் நிற்காது, கோர்ட்டில் பார்த்துக்கொள்” என்கிறார்கள் நண்பர்கள். போகலாமா?
– வாசகர், திருப்பூர்

வேண்டாம், கட்டிவிடுங்கள். நண்பர்கள் சொல்வதில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் அது உங்கள் வண்டிக்குப் பொருந்தாது.

சலான் கைக்கு வந்ததும் எல்லோரும் தொகையைப் பார்க்கிறார்கள். முதலில் பார்க்க வேண்டியது பிரிவு எண். சைலன்சர் விவகாரத்தில் மோட்டார் வாகனச் சட்டத்தின் நான்கு பிரிவுகளில் ஏதாவது ஒன்று வரும். 190(2) என்பது ஒலி, காற்று மாசு, சாலைப் பாதுகாப்பு பற்றி விதித்த தர அளவுகளை மீறிய வண்டியை ஓட்டுவது அல்லது ஓட்ட அனுமதிப்பது. 182ஏ(4) என்பது சட்டம் அனுமதிக்காத வகையில் உரிமையாளர் வண்டியை மாற்றுவது; வெளியில் வாங்கிய பாகத்தை மாட்டுவதும் இதில் அடங்கும். புகையை சைலன்சர் வழியாக விடாமல் இடையிலேயே திறந்துவிடும் ‘கட் அவுட்’ வைத்திருந்தால் 194எஃப். முதல் முறை 1,000 ரூபாய், அடுத்தடுத்த முறை 2,000. இவை எதுவும் இல்லாமல் பொதுவான 177-ஐப் போட்டிருந்தால் முதல் முறை 500, பிறகு 1,500.

இந்த நான்கில் கனமானது 190(2). முதல் முறைக்கே மூன்று மாதம் வரை சிறை அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும்; கூடவே மூன்று மாதம் லைசென்ஸ் தகுதி இழப்பு. சிறைக்கு அனுப்புவார்கள் என்று பயப்பட வேண்டியதில்லை. ஆனால் அந்த மூன்று மாதத் தகுதி இழப்பு சட்டத்தில் ‘விதிக்கலாம்’ என்று இல்லை, ‘விதிக்கப்படும்’ என்றே இருக்கிறது. நீதிமன்றம் குற்றவாளி என்று தீர்ப்பு எழுதினால் வரக்கூடியது அது.

அந்த இடத்திலேயோ ஆன்லைனிலோ நீங்கள் கட்டுவது வேறு வகை. பேச்சு வழக்கில் ஸ்பாட் ஃபைன் என்கிறோம். சட்டத்தில் அது பிரிவு 200-இன்படி செலுத்தும் இணக்கக் கட்டணம். அதைக் கட்டிவிட்டால் அந்தக் குற்றத்துக்கு நீதிமன்றத்தில் மேல்நடவடிக்கை கிடையாது, தீர்ப்பும் கிடையாது. தமிழக அரசு இந்தக் கட்டணப் பட்டியலை 2022 அக்டோபரில் திருத்தியது. உங்கள் சலானில் இருப்பது அதன்படியான தொகை.

இனி நண்பர்களின் வாதத்துக்கு வருவோம். 190(2) ‘தர அளவுகள்’ பற்றிப் பேசுகிறது. அளவு என்றால் அளந்திருக்க வேண்டும் என்று வாதாடலாம், நல்ல வாதம்தான். ஆனால் உங்கள் வண்டியை நிறுத்தியபோது போட்டோ எடுத்திருப்பார்கள். அதில் தெரியப்போவது கம்பெனி சைலன்சர் இல்லை. சத்தத்தை நிரூபிக்கத்தான் மீட்டர் வேண்டும். சைலன்சரை மாற்றியதைக் காட்ட ஒரு போட்டோ போதும். விசாரணையில் அது வெளிவந்தால் 182ஏ(4)-உம் வந்து சேர இடமிருக்கிறது: ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அல்லது ஆறு மாதம் வரை சிறை. உற்பத்தியாளர் கொடுத்த அசல் விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று, பிரிவு 52-க்கு விளக்கம் அளித்து, கேரளத்திலிருந்து போன ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. இத்தனையும் தாண்டி மீட்டர் வாதத்தை மட்டும் நம்பிப் போவது சூதாட்டம்.

கட்டின கையோடு பழைய சைலன்சரை மாட்டிவிடுங்கள். காரணம், பிரிவு 200-லேயே இன்னொரு வரி இருக்கிறது: இணக்கக் கட்டணம் கட்டி முடித்திருந்தாலும், அடுத்த முறை பிடிபட்டால் முந்தையது ‘முதல் குற்றம்’ என்றே கணக்கில் வரும். இரண்டாம் முறைக்கு 190(2)-இல் சிறைக் காலம் ஆறு மாதம் வரை. “கட்டிட்டேன், கணக்குத் தீர்ந்தது” என்று நினைப்பவர்கள் மாட்டுவது இங்கேதான்.

*

என் வண்டி 650 சிசி. ஷோரூமில் எடுத்தபடியே இருக்கிறது, ஒரு போல்ட் கூட மாற்றவில்லை. ஆனாலும் “சவுண்டு அதிகம்” என்று 190(2) போட்டுவிட்டார்கள். எனக்கும் அதே பதில்தானா?
– வாசகர், கோயம்புத்தூர்

இல்லை, நீங்கள் எதிர்த்துப் போகலாம். போக வேண்டும் என்று கூடச் சொல்வோம்.

இந்தியாவில் விற்கும் ஒவ்வொரு மாடலும் புனேயில் உள்ள ஏ.ஆர்.ஏ.ஐ. போன்ற அங்கீகாரம் பெற்ற அமைப்பில் சோதனை செய்யப்பட்ட பிறகே பதிவுக்கு வருகிறது. ஒலி அளவும் அதில் உண்டு. 80 சிசி வரை 75 டெசிபல், அதற்கு மேல் 175 சிசி வரை 77, அதற்கும் மேல் 80. உங்கள் வண்டி அந்த 80-க்குள் வந்ததால்தான் ஷோரூமுக்கே வந்தது. கனமான குரல் வேறு, அதிக டெசிபல் வேறு. இரட்டை சிலிண்டர் வண்டியின் அடிக்குரல் காதுக்குப் பெரிதாகத் தெரியலாம், அளவில் சிறியதாகவே இருக்கலாம்.

உங்கள் பலமே ‘ஒரிஜினல்’ என்பதுதான். அதை வாயால் சொல்லிப் பயனில்லை, காகிதத்தில் காட்ட வேண்டும். அவசரமாகச் செய்ய வேண்டியது, வண்டியை அதே நிலையில் அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுபோவது. சைலன்சர், பெண்டு பைப் (எஞ்சினிலிருந்து சைலன்சருக்குப் புகையைக் கொண்டுபோகும் குழாய்), கேட்டலிடிக் கன்வெர்ட்டர் (புகையின் நச்சைக் குறைக்கும் பாகம்) எல்லாம் கம்பெனி பாகங்கள், கசிவு இல்லை என்று ஜாப் கார்டில், அதாவது சர்வீஸ் வேலைச் சீட்டில் எழுதி, சேஸிஸ் எண்ணும் கிலோமீட்டர் ரீடிங்கும் போட்டு, சீல் வைத்து வாங்குங்கள். சலான் தேதிக்கும் இந்தத் தேதிக்கும் இடைவெளி எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது. ஒரு மாதம் கழித்துப் போனால், “நடுவில் மாற்றிவிட்டு வந்தார்” என்று ஒரே வரியில் அடித்துவிடுவார்கள். கம்பெனி சைலன்சரின் உடலில் அச்சிட்டோ தட்டியோ இருக்கும் பாக எண்ணை, நம்பர் பிளேட்டும் ஒரே படத்தில் வரும்படி எடுத்துக்கொள்ளுங்கள். பழைய சர்வீஸ் பில்கள் இருந்தால் அவற்றையும் சேருங்கள்.

இன்னொரு தாள் இருப்பதே பலருக்குத் தெரியாது: படிவம் 22. வண்டியைப் பதிவு செய்யும்போது உற்பத்தியாளர் தரும் சான்று. 2017 ஏப்ரல் முதல் அந்தப் படிவத்தில் மாசு அளவுகளோடு, ஹாரன் சத்தமும் வண்டி கடந்து போகும்போது எழும் சத்தமும் டெசிபலில் எழுதியிருக்க வேண்டும். உங்களிடம் நகல் இல்லை என்றால் டீலரிடம் கேளுங்கள். “இந்த வண்டி இத்தனை டெசிபல்” என்று தயாரித்தவரே எழுதித் தந்த தாளுக்கு எதிராக, “காதுக்கு அதிகமாகக் கேட்டது” என்பது மெலிந்த சாட்சி.

இவ்வளவும் கையில் இருந்தால் நேராகக் கோர்ட்டுக்குப் போக வேண்டிய அவசியமும் இல்லாமல் போகலாம். இ-சலான் தளத்தில் புகார் பதிவு செய்யும் வசதி இருக்கிறது. அங்கே பதிவு செய்துவிட்டு, அதே மனுவை நகரமானால் போக்குவரத்துக் காவல் துணை ஆணையருக்கும், மாவட்டமானால் எஸ்.பி. அலுவலகத்துக்கும் ஸ்பீட் போஸ்டில், சேர்ந்ததற்கான ஒப்புகையோடு அனுப்புங்கள். மனு ஒரு பக்கம் போதும். எஸ்.ஐ. எப்படிப் பேசினார் என்பதை எழுதாதீர்கள். அது வேறு புகார். இதில் கலந்தால் இரண்டுமே நீர்த்துப்போகும்.

*

செல்போனில் ஏதோ ஆப் வைத்து என் 350 சிசி பைக் பக்கத்தில் பிடித்து “98 டெசிபல், லிமிட் 80 தான்” என்றார் போலீஸ்காரர். அந்த எண்ணை சலானிலும் எழுதியிருக்கிறார். இது செல்லுமா?
– வாசகர், திருச்சி

98 என்ற எண்ணையும் 80 என்ற எண்ணையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதே தவறு. இரண்டும் வேறு வேறு தூரத்தில் எடுத்தவை.

80 என்பது ஓடும் வண்டிக்கான சோதனை, ஐ.எஸ். 3028 என்ற தரநிலை. திறந்தவெளியில் வண்டி குறிப்பிட்ட வேகத்தில் வந்து 20 மீட்டர் நீளத்தில் முழு ஆக்ஸிலரேட்டர் கொடுத்துக் கடக்கும். அது போகும் கோட்டிலிருந்து 7.5 மீட்டர் தள்ளி, 1.2 மீட்டர் உயரத்தில் மைக் இருக்கும். நின்ற வண்டிக்குத் தனித் தரநிலை இருக்கிறது, ஐ.எஸ். 10399. அதில் மைக் சைலன்சர் வாயிலிருந்து அரை மீட்டரில், 45 டிகிரி கோணத்தில், எஞ்சினைக் குறிப்பிட்ட ஆர்.பி.எம்-இல் நிறுத்தி வைத்து அளப்பார்கள்.

திறந்தவெளியில் தூரம் இரட்டிப்பானால் சத்தம் 6 டெசிபல் குறையும். இதை வைத்துக் கணக்குப் போட்டால், ஒரு மீட்டரில் கேட்பதற்கும் 7.5 மீட்டரில் கேட்பதற்கும் வித்தியாசம் ஏறக்குறைய 17.5. அதாவது ஒரு மீட்டரில் 98 காட்டிய சத்தம், 7.5 மீட்டரில் 80-ஐ ஒட்டித்தான் நிற்கும். அரை மீட்டரில் பிடித்திருந்தால் வித்தியாசம் 23-க்கு மேல்; அப்போது 75-க்கும் கீழே. செல்போனை எங்கே பிடித்தார் என்று தெரியாமல் 98-க்கு அர்த்தமே இல்லை. பக்கத்தில் பஸ் நின்றதா, பின்னால் சுவர் இருந்ததா, உங்களை எவ்வளவு முறுக்கச் சொன்னார் என்பதெல்லாம் அதற்கு மேல்.

செல்போன் மைக் பேச்சுக்காகச் செய்தது. உரத்த சத்தத்தில் அது திணறும். ஒரே இடத்தில் இரண்டு போன் இரண்டு எண் காட்டும். முறையான சவுண்ட் லெவல் மீட்டருக்குக் காலமுறைப்படி அளவு சரிபார்த்த சான்று இருக்கும். அப்படி ஏதாவது கருவி பயன்படுத்தப்பட்டதா, அதன் வரிசை எண் என்ன, கடைசியாகச் சரிபார்த்த சான்றின் நகல் வேண்டும் என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் காவல் அலுவலகப் பொதுத் தகவல் அலுவலருக்கு மனுப் போடுங்கள். கட்டணம் 10 ரூபாய், 30 நாளில் பதில் தர வேண்டும். “அப்படி எந்தக் கருவியும் இல்லை” என்று எழுத்தில் வந்தால் குறுக்கு விசாரணைக்கு அதைவிட நல்ல ஆயுதம் கிடையாது.

ஆனால் திருப்பூர் வாசகருக்குச் சொன்னதே உங்களுக்கும்: சைலன்சர் ஒரிஜினலாக இருந்தால்தான் இந்த வாதம் முழுதாக உதவும். வெளிச் சைலன்சரை மாட்டிக்கொண்டு ஒலியியல் பாடம் நடத்தினால் நீதிபதி ஒரே ஒரு கேள்விதான் கேட்பார்.

*

ஆறு மாதத்துக்கு முன் பழைய பைக் வாங்கினேன். சத்தம் போடும் சைலன்சர் அப்போதே இருந்தது, அது கம்பெனியுடையது இல்லை என்றே எனக்குத் தெரியாது. இப்போது 182ஏ(4) சலான் வந்திருக்கிறது. ஆர்.சி. என் பெயருக்கு மாறிவிட்டது.
– வாசகர், சேலம்

182ஏ(4) ‘மாற்றம் செய்த உரிமையாளரை’த் தண்டிக்கிறது. மாற்றம் செய்தது நீங்கள் இல்லை என்று காட்ட முடிந்தால் வலுவான எதிர்வாதம் உண்டு. வாங்கியபோது எடுத்த போட்டோ, விற்பனை விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட், தேதியோடு வாட்ஸ்அப் உரையாடல் என எது இருந்தாலும் அழிக்காதீர்கள். கைபேசி மாற்றும்போது தொலைவது இவைதான்.

அதே சலானில் 190(2) இருந்தால் கதை மாறும். அந்தப் பிரிவுக்கு யார் மாட்டினார்கள் என்பது பொருட்டில்லை. அப்படிப்பட்ட வண்டியை ஓட்டியது போதும். நண்பன் வண்டியை இரவல் வாங்கி ஓட்டி மாட்டுபவர்களுக்கும் இது பொருந்தும்; வண்டியைக் கொடுத்த நண்பனுக்கும் ‘ஓட்ட அனுமதித்தவர்’ என்ற வகையில் பொருந்தும். எப்படியானாலும் சைலன்சரை உடனே மாற்றுங்கள். மாற்றுமுன் போட்டோ எடுத்து, கழற்றியதைக் கோணியில் கட்டி வையுங்கள். வழக்கு முடியும் வரை எடைக்குப் போட வேண்டாம். தெரிந்த பிறகும் அதையே ஓட்டினால் “தெரியாது” என்ற வாதம் போய்விடும்.

பழைய வண்டி வியாபாரியிடம் வாங்கியிருந்தால் அவருக்கும் பொறுப்பு உண்டு. விதிகளுக்கு மாறான வண்டியை டீலர் விற்பது 182ஏ(1)-இல் வரும். வண்டியில் இன்னது விதிப்படி இல்லை என்று வாங்குபவரிடம் சொல்லியிருந்தேன் என்று அவர் நிரூபித்தால் தப்பிக்கலாம். அதனால் விற்பனை ரசீதில் என்ன எழுதிக் கையெழுத்து வாங்கினார் என்று பாருங்கள்.

*

புகைப் பரிசோதனைச் சான்று நடப்பில் இருக்கிறதே, அதைக் காட்டினால் போதாதா?
– வாசகர், வேலூர்

போதாது. அந்தச் சோதனையில் பெட்ரோல் வண்டிக்குக் கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரோகார்பனும்தான் பார்க்கிறார்கள். சத்தத்தை யாரும் அளப்பதில்லை.

*

கடையில் ‘ஏ.ஆர்.ஏ.ஐ. அப்ரூவ்டு’ என்று ஸ்டிக்கர் ஒட்டிய சைலன்சர் விற்கிறார்கள். டிபி கில்லர் போட்டால் சட்டப்படி சரி என்கிறார்கள். வாங்கலாமா?
– வாசகர், திண்டுக்கல்

ஸ்டிக்கர் அச்சடிக்கச் சில ரூபாய் போதும். சான்றிதழின் நகலைக் கேளுங்கள். அதில் சோதனை அமைப்பின் பெயர், சான்று எண், எந்த வண்டி மாடலுக்கு என்ற விவரம் மூன்றும் இருக்க வேண்டும். ஒரு மாடலுக்குச் சோதித்தது இன்னொரு மாடலுக்கு ஆகாது. கேட்டதும் கடைக்காரர் பேச்சை மாற்றினால் அதுவே பதில். வண்டிக் கம்பெனியே உங்கள் மாடலுக்கென்று விற்கும் உதிரிச் சைலன்சராக இருந்து, பில்லில் பாக எண்ணும் இருந்தால் நிலைமை வேறு. அந்த பில்லின் நகலை ஆர்.சி.யோடு வைத்துக்கொள்ளுங்கள்.

டிபி கில்லர் என்பது சைலன்சர் வாயில் செருகும் சிறிய குழாய். வாயைக் குறுக்கிச் சத்தத்தைக் குறைக்கிறது. பெரும்பாலும் ஒரே ஒரு போல்ட்டில் நிற்கிறது. இரண்டு நிமிடத்தில் கழற்றக்கூடிய ஒன்றை எந்த அதிகாரியும் நிரந்தர ஏற்பாடாக எடுத்துக்கொள்ள மாட்டார். இந்தச் சைலன்சர்களுக்குள்ளே சத்தத்தை உறிஞ்சுவது கிளாஸ் வூல் என்ற கண்ணாடி இழைப் பஞ்சு. சூட்டில் அது கொஞ்சம் கொஞ்சமாக எரிந்து வெளியே போய்விடும். வாங்கிய அன்று அடக்கமாக இருந்த சைலன்சர் ஒரு வருடத்தில் ஊரைக் கூட்டுவது இதனால்தான்.

பி.எஸ்.6 என்ற புதிய மாசு விதிமுறைப்படி வந்த வண்டிகளில் இன்னொரு சிக்கல். கேட்டலிடிக் கன்வெர்ட்டர் சில மாடல்களில் பெண்டு பைப்பில் இருக்கும், சிலவற்றில் சைலன்சருக்குள்ளேயே இருக்கும். இரண்டாவது வகையில் சைலன்சரை மாற்றினால் கன்வெர்ட்டரும் சேர்ந்தே போய்விடும். அப்போது சத்தத்தோடு புகை மீறலும் சேரும். இரண்டுக்கும் 190(2) தான்.

*

சைலன்சரில் துரு ஏறி ஓட்டை. எட்டு வருட ஸ்கூட்டர், எல்லாம் கம்பெனி பாகம்தான். நானாக எதையும் மாற்றவில்லையே, இதற்கு எப்படி சலான் போடலாம்?
– வாசகி, நாகர்கோவில்

போடலாம் அம்மா. மத்திய மோட்டார் வாகன விதி 120, வண்டியை ஒலி அளவுக்கு ஏற்றபடி தயாரிக்க வேண்டும் என்பதோடு நிற்கவில்லை. அப்படியே பராமரிக்கவும் வேண்டும் என்கிறது. வேண்டுமென்று செய்யவில்லை என்பது தொகையைக் குறைத்துக் கேட்க உதவும், விடுதலை வாங்கித் தராது. சைலன்சரை மாற்றிய பில்லை இணைத்து மேலதிகாரிக்கு ஒரு மனுக் கொடுங்கள். அதற்கு மேல் இழுக்க வேண்டாம்.

வெளியே தெரிவது ஓட்டை, ஆனால் துரு தொடங்கியது உள்ளே. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக வெளியேறுகிறது. கடைக்கும் பள்ளிக்கும் என்று இரண்டு கிலோமீட்டர் மட்டும் ஓடும் வண்டியில் சைலன்சர் முழுதாகச் சூடாவதே இல்லை. அந்த ஆவி உள்ளேயே நீராகித் தேங்கி அரிக்கிறது. வாரம் ஒரு தடவையாவது இருபது நிமிடம் விடாமல் ஓட்டினால் ஆயுள் கூடும். கடல் காற்று வெளிப்பக்கத்தைப் பார்த்துக்கொள்கிறது, கேட்கவே வேண்டாம்.

சின்ன ஓட்டைக்கு வெல்டிங் வைக்கலாம். அதற்கு முன் சைலன்சரைக் கழற்றி ஆட்டிப் பாருங்கள். உள்ளே கடகடவென்று சத்தம் வந்தால் தடுப்புத் தகடுகள் கழன்றுவிட்டன என்று அர்த்தம். வெல்டிங் காசு வீண். புதியதே போடுங்கள்.

*

உணவு டெலிவரி வேலை. சைலன்சர் கேஸில் லைசென்ஸையே வாங்கிக்கொண்டு ஒரு ரசீது கொடுத்தார்கள். ரசீதை வைத்து வண்டி ஓட்டலாம் என்கிறார்கள் உடன் வேலை செய்பவர்கள்.
– வாசகர், சென்னை

ரசீதில் எந்தப் பிரிவு என்று எழுதியிருக்கிறது என்பதை உடனே பாருங்கள். பிரிவு 206-இல் இரண்டு வகை ரசீது உண்டு. 206(2)-இல் லைசென்ஸ் எடுத்திருந்தால், குறித்த தேதி வரை அந்த ரசீதே ஓட்டுவதற்கு அனுமதி. 2019 திருத்தத்தில் வந்த 206(4) அப்படி இல்லை. லைசென்ஸ் திரும்பக் கைக்கு வரும் வரை அந்த ரசீதை வைத்து ஓட்ட முடியாது என்று சட்டமே சொல்கிறது. 190-ஆம் பிரிவு அந்த 206(4) பட்டியலில் இருக்கிறது. உடன் வேலை செய்பவர்கள் சொல்வது பழைய வகைக்கு மட்டுமே சரி.

206(4)-இல் எடுத்த லைசென்ஸ் ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குப் போகும். பிரிவு 19-இன்படி தகுதி இழப்புச் செய்யும் முன் உங்கள் தரப்பைக் கேட்க வேண்டும். கேட்காமல் உத்தரவு போட முடியாது. நோட்டீஸ் வரும்வரை காத்திருக்காமல் நீங்களே எழுத்தில் விளக்கம் கொடுங்கள்: கம்பெனி சைலன்சர் மாட்டியதற்கான பில், போட்டோ, இதுதான் முதல் முறை என்ற விவரம், பிழைப்பே லைசென்ஸை நம்பி என்பதற்கு நிறுவனத்தின் அடையாள அட்டை நகல். பாதகமான உத்தரவு வந்தால் 30 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம்.

முக்கியமாக ஒன்று. இணக்கக் கட்டணம் கட்டினாலும் இந்த 206(4) நடவடிக்கை தானாக நிற்காது. பிரிவு 200 அதைத் தனியாகவே விட்டுவைத்திருக்கிறது. தகுதி இழந்த நிலையில் ஓட்டிப் பிடிபட்டால் பிரிவு 182-இல் 10,000 ரூபாய் அல்லது மூன்று மாதம் வரை சிறை. சைலன்சர் கேஸை விட அது பெரிய கேஸ்.

*

கோர்ட்டுக்குப் போவது என்று முடிவு செய்துவிட்டேன். என்ன நடக்கும்? வக்கீல் வைத்தே ஆக வேண்டுமா?
– வாசகர், மதுரை

முதல் வேலை, பணம் கட்டாமல் இருப்பது. கட்டிவிட்டுப் பிறகு “தவறாகப் போட்டார்கள்” என்று வாதாட வழியில்லை. சலானில் குறித்த கெடுவுக்குள் கட்டவில்லை என்றால் அது நீதிமன்றத்துக்குப் போகும். மெய்நிகர் நீதிமன்றத்துக்குப் போனால் கைபேசிக்குக் குறுஞ்செய்தி வரும். அந்தத் தளத்தில் வண்டி எண்ணைப் போட்டால் அபராதம் கட்டுவது, எதிர்த்து வழக்கு நடத்துவது என்று இரண்டு வழி காட்டும். இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தால் வழக்கு உங்கள் பகுதி மாஜிஸ்திரேட் நீதிமன்றத்துக்கு மாறும். மெய்நிகர் நீதிமன்றத் தளத்தில் கட்டுவது நீதிமன்ற அபராதம், போலீஸிடம் கட்டும் இணக்கக் கட்டணம் அல்ல என்பதை நினைவில் வையுங்கள். குற்றத்தை ஒப்புக்கொண்டதாக ஆகும். கட்டுவதாக முடிவு செய்பவர்கள் சலான் நிலையிலேயே கட்டுவது ஏன் நல்லது என்பதற்குக் காரணம் இதுதான்.

முதல் வாய்தாவில் குற்றச்சாட்டைப் படித்துக் காட்டி, ஒப்புக்கொள்கிறீர்களா என்று கேட்பார்கள். கூட்டத்தைப் பார்த்து மிரண்டு, “சரிங்க ஐயா, கட்டிடுறேன்” என்று பலர் சொல்லிவிடுவது இந்த இடத்தில்தான். மறுக்கிறேன் என்றால் அடுத்த தேதி கொடுப்பார்கள். சலான் போட்ட அதிகாரி சாட்சி சொல்ல வருவார். அவரிடம் நீங்கள் கேட்க வேண்டியவை: எந்தக் கருவி, எவ்வளவு தூரம், எஞ்சின் என்ன வேகத்தில், சுற்றுச் சத்தம் எவ்வளவு, சைலன்சரின் பாக எண்ணைப் பார்த்தாரா. அதற்குப் பிறகு உங்கள் தாள்கள். ஜாப் கார்டு எழுதிய சர்வீஸ் அட்வைசர் வந்து சாட்சி சொல்ல முடிந்தால் தாளின் மதிப்பு கூடும்.

வக்கீல் கட்டாயம் இல்லை, நீங்களே பேசலாம். ஆனால் 190(2) வழக்கில் தோற்றால் லைசென்ஸ் போகும் என்பதால் வைத்துக்கொள்வது நல்லது. 177 வழக்குக்கு வைத்தால் ஒரு வாய்தாவுக்குப் போய்வரும் செலவே 500-ஐத் தாண்டிவிடும். அதைக் கட்டிவிட்டு வேலையைப் பாருங்கள். பெண்கள், பட்டியல் சாதி மற்றும் பழங்குடி வகுப்பினர், குறைந்த வருமானம் உள்ளவர்கள் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் இலவச வக்கீல் கேட்கலாம். லோக் அதாலத்தை நம்பி இருப்பவர்கள் கவனிக்க: அங்கே நடப்பது சமரசம். சலான் தவறு என்ற தீர்ப்பு அங்கே கிடைக்காது.

*

கட்டவும் இல்லை, கோர்ட்டுக்கும் போகவில்லை. அப்படியே விட்டுவிட்டால் காலாவதி ஆகிவிடும் என்கிறார்களே?
– வாசகர், ஈரோடு

அபராதம் மட்டுமே தண்டனையாக உள்ள 194எஃப், 177 போன்றவற்றுக்கு ஆறு மாதத்துக்குள்ளும், சிறைத் தண்டனை ஒரு வருடத்துக்கு மிகாத 190(2), 182ஏ(4) போன்றவற்றுக்கு ஒரு வருடத்துக்குள்ளும் வழக்குத் தாக்கல் ஆகியிருக்க வேண்டும் என்று, பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் கால வரம்பு இருக்கிறது. உங்கள் காதுக்கு வந்தது அதுதான். ஆனால் வழக்கு ஏற்கெனவே கோப்பில் ஏறியிருந்தால் இந்தக் கணக்கு உதவாது. சம்மன் வந்து போகாமல் இருந்தால் வாரண்ட் வரை போகும். இதற்கிடையில் வண்டியை விற்கவோ பெயர் மாற்றவோ போனால், நிலுவைச் சலான் இருப்பதாகக் கணினி தடுத்து நிற்கும்.

*

சலானுக்குப் பிறகு ஒரிஜினல் சைலன்சரையே திரும்ப மாட்டிவிட்டேன். இப்போதும் ‘டப் டப்’ என்கிறது, ஆக்ஸிலரேட்டரை விட்டால் வெடிக்கிறது. மறுபடி பிடிப்பார்களோ என்று பயம்.
– வாசகர், தஞ்சாவூர்

பழைய பேக்கிங்கையே போட்டு மாட்டியிருப்பார்கள். சிலிண்டர் ஹெட்டும் பெண்டு பைப்பும் சேரும் இடத்தில் உள்ள வளையம் ஒருமுறை நசுங்கி உட்காருவதற்காகச் செய்தது. கழற்றினால் புதியது போட வேண்டும். விலை சொற்பம். சைலன்சரும் பெண்டு பைப்பும் சேரும் இடத்திலும் அப்படி ஒன்று இருக்கும்.

மாட்டும் வரிசையும் முக்கியம். எல்லா நட்டையும் கையால் மட்டும் ஏற்றி, பைப் இயல்பாக எந்தக் கோணத்தில் உட்காருகிறதோ அப்படியே விட்டு, முதலில் ஹெட் பக்கத்து இரண்டு நட்டையும் மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக முறுக்க வேண்டும். அடுத்தது கிளாம்ப். ஃபிரேமில் மாட்டும் பெரிய போல்ட் கடைசி. பின்னால் உள்ளதை முதலில் இறுக்கினால் பைப் இழுபட்டு ஹெட்டில் ஒரு பக்கம் வாய் திறந்துகொள்ளும்.

கசிவு இருக்கிறதா என்று பார்க்க, எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது இணைப்புகளில் சோப்புத் தண்ணீர் தடவி ஸ்டார்ட் செய்யுங்கள். குமிழ் வரும் இடம்தான் கசிவு. ஆக்ஸிலரேட்டரை விடும்போது அந்த இடைவெளி வழியாக வெளிக்காற்று உள்ளே போய், எரியாமல் வந்த பெட்ரோலோடு சேர்ந்து சைலன்சருக்குள் வெடிக்கிறது. பி.எஸ்.6 வண்டியாக இருந்தால் அதே காற்று ஆக்ஸிஜன் சென்சாரையும் ஏமாற்றும்; பெட்ரோல் குறைவாகப் போகிறது என்று நினைத்து ஈ.சி.யூ. (எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினி) கூடுதலாக ஊற்றும், மைலேஜ் குறையும். சென்சார் ஒயர் எங்காவது பைப்பில் உரசி உருகியிருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

*

“உங்கள் வண்டிக்கு சைலன்சர் சலான், உடனே கட்டவும்” என்று வாட்ஸ்அப்பில் ஒரு ஃபைல் வந்திருக்கிறது. நான் வண்டியை வெளியே எடுக்கவே இல்லை.
– வாசகி, காஞ்சிபுரம்

திறக்காதீர்கள். ஏ.பி.கே. என்று முடியும் ஃபைலாக அரசு எந்தச் சலானையும் அனுப்புவதில்லை. அது உங்கள் கைபேசியில் புகுந்து வங்கி ஓ.டி.பி.யைத் திருடும் செயலி. உண்மையான சலான் இருக்கிறதா என்று பார்க்க, முகவரி டாட் ஜி.ஓ.வி. டாட் இன் என்று முடியும் பரிவாஹன் இ-சலான் தளத்துக்கு நீங்களே போய், வண்டி எண்ணும் சேஸிஸ் அல்லது எஞ்சின் எண்ணின் கடைசி ஐந்து எழுத்துகளும் போட்டுத் தேடுங்கள். ஏற்கெனவே அந்த ஃபைலைத் தொட்டுவிட்டிருந்தால் இணையத்தைத் துண்டித்துவிட்டு, வேறொரு போனிலிருந்து வங்கிக்கும் சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்கும் சொல்லுங்கள்.